கணக்குக்கு ஒரு வித்து குறைவு

மேப்பிள் மரங்கள் கணக்கை முடித்துக்கொண்டு
கனெக்டிகட் குன்றெல்லாம் இலை மக்கும் வாடை அடிக்கும்போது
விட்ச் ஹேசல் பூக்கிறது.
பூ என்றால் நம்பமாட்டீர்கள்.
மஞ்சள் காகிதத்தை நகத்தால் கிழித்த மாதிரி
நான்கு நாடா, ஒவ்வொன்றும் கசங்கி, முறுக்கி.
வெயில் பட்டால் நீளும்.
உறைபனி இறங்கினால்
தையற்காரர் அளவுநாடா போலச் சுருண்டுகொள்ளும்.
மறுநாள் மறுபடி.

பேரில் ஒரு சூனியக்காரி இருக்கிறாள்.
வளையும் கொம்புக்கான பழைய சொல்தான் அது,
யாரோ காது தவறிக் கேட்டுவிட்டார்கள்
என்பார் எவரெட் லூசியே.
ஆனால் கோடையில் இலைமேல்
அசுவினி எழுப்பும் கூம்புகளைப் பார்த்தால்
அச்சு அசல் அவள் தொப்பி.
காது முழுக்கத் தவறவில்லை.

எங்கள் பிழைப்பு அதை வெட்டுவது.
தரையோடு தரையாக, கட்டையை மட்டும் விட்டு.
பட்டையும் கொம்பும் தூளாகி ஆலைக்குப் போய்
ஆவியாகி, தண்ணீராகி,
எங்கோ முகம் மழித்த ஒருவர் கன்னத்தில் குளிரும்.
கட்டை மறுபடி துளிர்க்கும்.
சில வருஷம் கழித்து அதே ஆள் அதே புதரை வெட்டலாம்,
முதுகு சம்மதித்தால்.

இலையின் அடி இருபுறமும் ஒத்துவராது:
ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி.
எவரெட் நடையும் அப்படித்தான்,
முப்பது வருஷம் ரம்பத்தை ஒரே தோளில் சுமந்து.
மொட்டுக்குச் செதில் கிடையாது.
மற்றதெல்லாம் போர்த்திக்கொண்டு காத்திருக்க
இது துருநிறப் பூனைமயிரோடு
பனியில் சும்மா நிற்கும்.

இந்தக் குளிரில் இந்தப் பூவுக்கு யார் வருவார்?
தேனீக்கள் கூட்டுக்குள். வண்ணத்துப்பூச்சிகள் போய்ச் சேர்ந்தாயிற்று.
ராத்திரியில் ஒரு சாம்பல் அந்துப்பூச்சி வரும்.
கிளம்புமுன் உட்கார்ந்த இடத்திலேயே
நடுநடுங்கி உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும்,
காலை ஆறு மணிக்கு எங்கள் லாரி.

அது விட்டுப்போன மகரந்தம்
சூல்முடியிலிருந்து ஒரு குழாயை உள்ளே நீட்டி
பாதி வழியில் நின்றுவிடும்.
டிசம்பர். ஜனவரி. மார்ச்.
சூலுக்கு இன்னும் தகவல் போகவில்லை.
மே மாதம்தான் கரு.

எவரெட் இதைச் சொன்னபோது
சாண்ட்விச்சைப் பாதியில் மடித்து வைத்தேன்.
வீட்டில், உப்பு ஜாடிக்கு அடியில்,
மோன்டானாவிலிருந்து என் தங்கை ரோவேனா எழுதிய கடிதம்.
போன நவம்பரில் வந்தது.
பிரித்தேன். படித்தேன். அவ்வளவுதான்.

அன்று ஒரு கொம்பை வெட்டாமல் ஒடித்தேன்:
இந்த வருஷத்துப் பூவும்
போன வருஷத்துப் பூவின் காயும் ஒரே கணுவில்.
ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி
அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ராத்திரி இரண்டு மணி. டிக்.
எலி என்று நினைத்தேன்.
மறுபடி, ஃபிரிட்ஜ் கதவில், டப்.
காய் காயக் காய, சுவர் இறுகி,
ஈரக் கையிலிருந்து சோப்பு நழுவுகிற மாதிரி
வித்தைப் பிதுக்கி எறிகிறது.
காட்டில் முப்பது அடி போகும்.
என் சமையலறை பன்னிரண்டு அடி.
ஒன்று விளக்கில் மோதியது.
ஒன்று நேராக வெண்ணெயில் போய்க் குத்தி நின்றது,
பளபளவென்று, கறுப்பாக,
வாடகை கொடுத்தவன் மாதிரி.

தனியாகச் சிரித்தால் வீடு எப்படி ஒலிக்கும் என்று
மறந்தே போயிருந்தேன்.

உட்கார்ந்து எழுதினேன்.
ரோவேனா, வெண்ணெயில் ஒரு வித்து விழுந்திருக்கிறது.
இது முளைக்க இரண்டு குளிர்காலம் ஆகும் என்று
அடுத்த வரி எழுதி, பார்த்து,
அடித்துவிட்டேன்.
வெண்ணெய் வரி போதும். கீழே டோரீன் என்று போட்டேன்.

காலையில் லாரியில் எவரெட் கேட்டார், எத்தனை காய்?
நான்கு.
காய்க்கு இரண்டு, அப்போ எட்டு.
ஏழுதான் கிடைத்தது என்றேன்.
இறங்கிய தோளை மட்டும் குலுக்கிவிட்டு
கியரை மாற்றினார்.